இடது கன்னத்து நிறம்

ராஜபாளையத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பொன்னுராஜைத் தெரியும். அவர் மில்லில் ஃபிட்டர் என்பதற்காக இல்லை. சிவகாசியில் அச்சாகி மாதா மாதம் வரும் சிறுவர் பத்திரிகையில் ராஜாவாகவும் திருடனாகவும் மந்திரவாதியாகவும் வருகிறவர் அவர்தான் என்பதற்காக. பத்திரிகை கடைக்கு வந்துவிட்டால், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவரைத் தெருமுக்கிலேயே மறித்துக்கொள்வார்கள்.

"மாமா, இந்த மாசம் நீங்கதான பூதம்?"

"பூதமும் நாந்தான். பூதத்தைப் பாத்துப் பயந்து ஓடுற வியாபாரியும் நாந்தான். நல்லாப் பாருங்க."

படம் போடுகிறவள் அவர் மனைவி தங்கபாய். டிராயிங் பரீட்சை ஹையர் வரை பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூட வேலை எதுவும் அமையாமல், ஒருநாள் நரியும் ஆமையும் போட்டு அந்தப் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பிவைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு வேலை. தலைப்பில்லாத கதைத்தாள்கள் வரும். முன்னறையில் மலையைப் பார்த்த ஜன்னலடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஆள் நின்றால்தான் அவளுக்குக் கை ஓடும். அதனால் பொன்னுராஜ் சோறு வடிக்கும் சிப்பலைத் தலையில் கவிழ்த்து, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜாவாக நிற்பார். அவள் சேலையை முக்காடு போட்டுக் கிழவியாவார். புலி வேண்டும் என்றால் நாலுகாலில் நிற்பார்.

"முட்டி தேயுதுட்டி. புலிக்கு வரி பொறவு போட்டுக்கலாம். மொதல்ல காலைப் போட்டு என்னை எந்திரிக்க விடு."

தங்கபாய்க்கு என்று பிடித்தமான நிறங்கள் இருந்தன. பொழுது மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கினதும் சரிவில் ஒரு நீலம் வந்து உட்காரும். அது எந்த ட்யூபிலும் கிடையாது. பிரஷ்யன் ப்ளூவில் கிரிம்சனைத் தொட்டும் தொடாமலும் சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டால் கிட்டத்தட்ட வரும். அந்த நீலத்துக்காகவே கதையில் இல்லாத மலையைக் கூடப் படத்தின் ஓரத்தில் போட்டுவிடுவாள். இன்னொன்று, வேலை முடிந்தபின் பீங்கான் தட்டில் எல்லா நிறமும் ஓடிக் கலந்து தங்கியிருக்கும் பெயரில்லாத கலங்கல். அதைக் கழுவிக் கொட்ட அவளுக்கு மனசு வராது. மறுநாள் நனைத்து, நிழலுக்கு எடுத்துக்கொள்வாள். கறுப்பு ட்யூப் வாங்கினபடி மூடி திறக்காமலே கிடந்தது. பொன்னுராஜின் முகத்துக்குரிய நிறத்தை மட்டும் யோசிக்காமல் கலப்பாள். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் எல்லோ ஆக்கர், தாடைக்கடியில் ஒரு துளி நீலம். ஆயிரம் தடவை கலந்து கலந்து கை பழகிய நிறம் அது.

எண்பத்து நாலில், ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர்கள் அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று தேரோடும் வீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் சங்கரலிங்கம் விளக்கைப் போட்டுவிட்டுப் பொன்னுராஜையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம் கழுதை மேல ஊர்வலம் போன ராஜா நீங்கதான?"

அதற்குமேல் போட்டோ எடுக்க வெகுநேரமாயிற்று. சங்கரலிங்கம் அவர்களை மாடிக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போடுகிற சிலர் அங்கே கூடுவார்கள் என்றும், தங்கச்சியும் வந்தால் நல்லா இருக்கும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் தங்கபாய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறுவார்கள். மாடியில் கோரைப்பாய் விரித்திருக்கும். சங்கரலிங்கம் கறுப்பு வெள்ளைப் போட்டோக்களுக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னச் சிவப்பும் சேலைப் பச்சையும் ஏற்றுகிறவர். நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பையும் வெட்டுக்காயத்தையும் காணாமல் போக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. கூட்டுறவு பேங்கில் கிளார்க்காக இருந்த வைகுண்டராஜ் கோபுரத்தைத் தவிர வேறு எதையும் வரையமாட்டார், அதையும் முடிக்கமாட்டார். மம்சாபுரத்திலிருந்து வரும் கருத்தையா கடை போர்டும் சினிமா பேனரும் எழுதுகிறவர். இருபதடி முகத்தை ஏணியில் நின்று அநாயாசமாக வரைகிறவருக்கு, முழங்கை அகலக் காகிதத்தைக் கண்டால் கை நடுங்கும்.

வரைந்ததைவிட அவர்கள் நிறத்துக்காகச் சண்டை போட்டதே அதிகம்.

"செவப்பை நம்பக் கூடாதுக்கா," என்பார் கருத்தையா. "ஒரு கோடைக்குத் தாங்காது. ஓடிப்போயிரும். நான் எழுதுன பேனர்ல எத்தனை கதாநாயகிக்கு உதடு இல்லாமப் போயிருக்கு தெரியுமா?"

"எல்லோ ஆக்கர் ஒண்ணு போதும் எனக்கு," என்பார் வைகுண்டராஜ். "கோயிலு, வெயிலு, மண்ணு, எல்லாம் அதுக்குள்ள இருக்கு."

பொன்னுராஜ் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தபடி தீர்ப்பு சொல்வார். "வைகுண்டம், இது கோபுரமா, இட்லிக் கொப்பரையா? சொல்லிட்டா நான் அதுக்குத் தக்கனப் பாராட்டுவேன்." எல்லாரும் சிரிப்பார்கள். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை அந்த மாடி சப்பென்று இருக்கும்.

எண்பத்தேழு கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம், ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானே ஒழுகியது. பொன்னுராஜ் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் முகம் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. இடது கண் மூடவில்லை. பேச்சில் ப வரும் இடமெல்லாம் காற்றாகப் போயிற்று.

பக்கத்து வீட்டில் காற்றுக் கருப்பு அடித்திருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "மொகவாதம். நரம்புல வீக்கம், பயப்பட ஒண்ணுமில்ல" என்று மாத்திரை எழுதினார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுத் துணி கட்டச் சொன்னார். பலூன் ஊதிப் பழகச் சொன்னார். கிறிஸ்துமசுக்கு வாங்கி வைத்திருந்த பலூன்களைப் பொன்னுராஜ் அடுப்படியில் நின்று ஊதினார். இடது பக்கம் காற்று சீறிப்போகும். தங்கபாய் அந்தக் கடைவாயை விரலால் பிடித்துக்கொள்வாள், அவர் மறுபடி ஊதுவார்.

கண் மெல்ல மூட ஆரம்பித்தது. பேச்சு திரும்பியது. கடைவாய் மட்டும் தொங்கினபடியே நின்றுவிட்டது. சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே போயிற்று. "மிச்சம் வந்தாலும் வரும், வராமலும் போகலாம். அதனால தொந்தரவு ஒண்ணுமில்ல," என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

பொன்னுராஜ் மில்லுக்குப் போனார். ஞாயிறு ஆராதனைக்குப் போனார். ஆனால் ஜன்னலடிக்கு வந்து நிற்க மாட்டேன் என்றுவிட்டார்.

"வேண்டாம்ட்டி. உனக்குத்தான் என் மூஞ்சி மனப்பாடமாச்சே. நெனப்புலருந்து போடு."

ஸ்ரீவில்லிபுத்தூர் போவதும் நின்றது. அவர் வராமல் அவளும் போகவில்லை.

அவள் நினைப்பிலிருந்துதான் போட்டாள். பழைய முகத்தை வைத்து ஒரு ராஜாவும் ஒரு செம்படவனும் போட்டு அனுப்பினாள். சிவகாசிக்கு வரச்சொல்லிப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஆள் வந்தது. அவர் நல்ல மனிதர், நோகாமல் பேசுகிறவர். படத்தை மேஜையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"குறைன்னு ஒண்ணும் சொல்ல முடியலம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ராஜா துணிக்கடைப் பொம்மை மாதிரி நிக்காரு. பழைய ராஜா எங்க போனாரு?"

வீட்டுக்கு வந்து அதைப் பொன்னுராஜிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். அவர் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டார். மறுநாளே மில்லில் கூட வேலை பார்க்கும் மாரிசாமியைக் கூட்டி வந்து நிறுத்தினார். மாரிசாமி சிப்பலைத் தலையில் வைத்ததும் சிரித்தார், அப்புறம் அடையாள அட்டைக்குப் போட்டோ பிடிப்பது போல விறைத்துக்கொண்டார். "மைனி, மூக்கு சொறியலாமா?" என்று கேட்டுக் கேட்டு நின்றார். அந்த ராஜாவைப் பார்த்தால் குடிமக்கள் யாருக்கும் பயமோ பாசமோ வராது. தங்கபாய் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. சங்கரலிங்கமும் வைகுண்டராஜும் கருத்தையாவும் பலகையும் பையுமாக நின்றார்கள்.

"மாடியில வெள்ளையடிக்காக," என்றார் சங்கரலிங்கம். "உக்கார எடமில்ல. இங்க வரலாமான்னு..."

கருத்தையா தரையைப் பார்த்தார். அது பொய் என்று தங்கபாய்க்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வரச்சொல்லிப் பாயை விரித்தாள்.

பொன்னுராஜ் எல்லாரையும் வாங்க என்றார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, "சைக்கிளு செயின் விட்டுப்போச்சு. நீங்க பாருங்க," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். முன்னறையில் வைகுண்டராஜ் அந்த ஊரில் இல்லாத கோபுரத்தை நினைப்பிலிருந்து ஆரம்பித்தார்.

கருத்தையா பிரஷ் கழுவப் போனவர் திரும்பவில்லை. செத்த நேரம் பார்த்துவிட்டுத் தங்கபாய் எட்டிப் பார்த்தாள். பொன்னுராஜ் கவிழ்த்துப்போட்ட சைக்கிள் முன் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, எதிரில் துவைகல்லில் கருத்தையா காகிதத்தை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தார்.

"சைக்கிளைத்தான் போடுதேன் அண்ணாச்சி. அசைக்காதீங்க."

"அசைக்காம எப்படிய்யா செயின் மாட்ட?"

"மாட்டுங்க. கையும் சேந்து வந்தா வரட்டும்."

கை சேர்ந்து வந்தது. சைக்கிள் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் கிரீஸ் ஏறிய அந்த விரல்களைக் கருத்தையா பேனர் எழுதுகிற துணிச்சலில் பட்டையாக இழுத்துவிட்டிருந்தார். பொன்னுராஜ் வாங்கிப் பார்த்தார். "ஏலே, இது என் கையேதான்," என்றார்.

அடுத்த வாரமும் வெள்ளையடிப்பு முடியவில்லை. அதற்கடுத்த வாரமும் முடியவில்லை. கொல்லையில் வேப்பமர நிழலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பொன்னுராஜுக்கும் சரிசெய்ய ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. ஸ்டவ், தாழ்ப்பாள், பக்கத்து வீட்டுக் குடை. அவர் வேலையைப் பார்க்க, இவர்கள் அவர் கையைப் பார்த்தார்கள். தங்கபாயும் வரைந்தாள். அவர் வலது சுட்டுவிரல் நகம் பாதியில் பிளந்து வளர்ந்திருந்தது. என்றைக்கோ மிஷினில் நசுங்கியது. எத்தனை ராஜாக்களுக்கு அந்தக் கையைப் போட்டிருக்கிறாள், இந்த நகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் நீண்ட நாளைக்கப்புறம் பிரஷ் அவள் பேச்சைக் கேட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுராஜ் தாமாகவே ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி செய்ய இனி இந்த வீட்டுல ஒண்ணுமில்ல. போடுதவங்க போடுங்க."

பெட்டிகள் திறக்கும் சத்தம்தான் கேட்டது. அவர் எதிரே மதிலைப் பார்த்தபடி இருந்தார். தங்கபாய் பலகையை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்தாள்.

வெயில் சாய்ந்ததும் படங்களைத் தரையில் பரப்பினார்கள். கருத்தையா போட்ட மூக்கு மிகப் பெரிது. வைகுண்டராஜின் படத்தில் தலை மேலே போகப்போகக் கூம்பி, கோபுரத்தின் ஜாடை தட்டியது. பொன்னுராஜ் இரண்டையும் பார்த்துச் சிரித்தார். சங்கரலிங்கத்தின் படத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அதில் முகம் நேராக இருந்தது. இரண்டு கண்ணும் ஒன்றுபோல, இரண்டு கடைவாயும் ஒரே மட்டத்தில், கன்னத்தில் இளஞ்சிவப்பு.

"இவிய யாரு அண்ணாச்சி?" என்றார்.

சங்கரலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கை பழகிப்போச்சுய்யா. முப்பது வருசமா ஒவ்வொருத்தர் முகத்தையும் சரிபண்ணிப் பண்ணி... வேணும்னு செய்யல. மனசு கேக்கல."

"கோவமில்ல அண்ணாச்சி. நல்லாருக்கு. ஆனா நான் இல்ல."

பிறகு தங்கபாயின் படத்தை எடுத்தார். அவள் வலது பக்கம் மட்டும்தான் போட்டிருந்தாள். காது, கன்னம், மூக்கின் ஓரம். படம் அங்கேயே முடிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

எல்லாரும் பஸ்சுக்குப் போனபின் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி தங்கம். ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"ஊர்ல எவன் பாத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. மில்லுல சின்னப் பயலுக என்னை மாதிரி வாயைக் கோணிக் காட்டுதாங்க, நானும் சிரிச்சுக்கிடுவேன். ஆனா நீ அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேங்க. சாப்பிட உக்காந்தா வலது பக்கம். பஸ்சுல வலது பக்கம். என் மொகத்தைப் பாத்துப் பேசுதப்ப உன் கண்ணு நல்ல பக்கத்துக்கே போயிருது. அதான் உன் முன்னால வந்து நிக்க எனக்கு முடியல."

தங்கபாய் சுருட்டின பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மருந்து விட்டாள், கடைவாயைப் பிடித்தாள், அதெல்லாம் செய்தாள். பார்த்தது மட்டும் கிடையாது. பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று முதல் வாரத்தில் கண்ணைத் திருப்பியவள், அப்படியே பழகிவிட்டாள்.

"எனக்குத் தெரியாமலே செஞ்சிருக்கேன்," என்றாள். அப்புறம் அழுதாள். அவர் அழவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் அவருக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு முன்னறைக்கு வந்தார். அவள் ஸ்டூலை ஜன்னலுக்கு எதிரில் போட்டிருந்தாள். தன் பலகையை அவருக்கு இடது பக்கமாக நகர்த்தி உட்கார்ந்தாள்.

முதலில் எப்போதும் போலக் கலந்தாள். பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர். காகிதத்தில் வைத்தாள். வலது கன்னத்துக்குச் சரியாக இருந்த நிறம் இடது கன்னத்தில் ஒட்டவில்லை. தட்டை வைத்துவிட்டுப் பார்த்தாள். இமைக்காமல், வெட்கமில்லாமல், ஒரு மலையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தளர்ந்த தசை வெளிச்சத்தை வேறு மாதிரி வாங்கியது. கன்னத்து மேட்டில் வெளிச்சம் விழுந்து நழுவி, தாடையருகில் நீலமாகத் தேங்கியது. கடைவாய்க்குக் கீழே லேசான ஊதா. இன்னொன்றும் தெரிந்தது. வலது பக்கம் நெற்றியில் வரிகள், கண்ணோரம் சுருக்கம், மூக்கிலிருந்து வாய்க்கு ஒரு பள்ளம். இடது பக்கத்தில் அதெல்லாம் இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"என்ன அப்படிப் பாக்க?"

"உங்களுக்கு இந்தப் பக்கம் வயசே ஆகல."

"வெளாடாத."

"நெசமா. சுருக்கம் எல்லாம் வலது பக்கம்தான். இந்தப் பக்கம் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த ஆளு உக்காந்திருக்காக."

அவர் சிரித்தார். வலது பக்கம் மேலே போயிற்று, இடது பக்கம் இருந்தபடி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை. மலை நீலத்தைத் தட்டில் கலந்து, ஈரம் காயுமுன் தாடைக்கடியில் விட்டாள். அது மேலே படர்ந்து, கன்னத்து மண்ணிறத்தோடு தானே சேர்ந்துகொண்டது.

அந்தப் படம் முடிய மூன்று சாயங்காலம் ஆயிற்று. முழு முகம். முடிந்ததும் அவர் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது நாந்தான்," என்றார்.

அதற்கப்புறம் பத்திரிகைக்கு அவர் மறுபடி நிற்க ஆரம்பித்தார். ஓடக்காரனாக, வைத்தியராக, சமையல்காரனாக. ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை, படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். தெருப்பிள்ளைகளுக்கு முகம் முன்னைவிடப் பிடித்திருந்தது. ஓடக்காரன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று சண்டை போட அதில் இடமிருந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எள் விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்தை நம்பி, எண்பத்தெட்டில் வைகுண்டராஜ் ஒரு யோசனை சொன்னார். தேர் வீதியிலேயே ஒரு பள்ளிக்கூட ஹாலைக் கேட்டு வாங்கி, எல்லாருடைய படங்களையும் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வைகுண்டராஜின் முடியாத கோபுரங்கள் ஒரு சுவர். கருத்தையா கடைசியில் சின்னக் காகிதங்களைக் கைவிட்டு, தேர்வடம் இழுக்கும் கூட்டத்தை ஆளுயரத் துணியில் எழுதியிருந்தார். அதற்குத்தான் கூட்டம். தங்கபாய் பத்திரிகைப் படங்களை மட்டும் வைக்கலாம் என்றிருந்தாள். அந்த முகத்தைக் கொண்டுவந்து வைத்தது பொன்னுராஜ். அதற்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக்கொடுத்தது சங்கரலிங்கம்.

காலையிலிருந்து பொன்னுராஜ் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆலங்குளம் பக்கத்திலிருந்து தேர் பார்க்க வந்த ஒரு குடும்பம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"இது நீங்களாய்யா?" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

"நாந்தான். கிட்ட வந்து பாருங்க. இந்தக் கன்னம் ஒரு நெறம், அந்தக் கன்னம் ஒரு நெறம். தெரியுதா? இங்க தாடைக்குக் கீழ நீலம் விட்டிருக்கு. மனுச மூஞ்சியில நீலம் எங்க வந்ததுன்னு கேப்பீங்க. என்னைப் பாருங்க இப்ப." அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, இடது கன்னத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இருக்கா?"

பெரியவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இருக்கத்தான் செய்யுது."

"தண்ணிக் கலர்ல அழிச்சு எழுத முடியாது பாத்துக்கிடுங்க. வச்சா வச்சதுதான். அம்புட்டு நிதானம் வேணும்."

"யாரு போட்டது?"

"எம் பொண்டாட்டி. இந்தா, தூணுகிட்ட நிக்கா."

குடும்பமே திரும்பிப் பார்த்தது. தங்கபாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். சாயங்காலம் வரை அவர் அப்படியே பேசிக்கொண்டிருந்தார். பிரஷ்யன் ப்ளூவைப் பற்றி, காகிதத்தின் ஈரத்தைப் பற்றி, அவள் வாயிலிருந்து பல வருஷமாகக் கேட்டதையெல்லாம் தாமே கண்டுபிடித்தது போலச் சொன்னார். சிலதைத் தப்பாகச் சொன்னார். அவள் திருத்தவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி தங்கம், தொண்டை காஞ்சுபோச்சு. கடையில ஒரு கலர் வாங்கிட்டு வா."

"என்ன கலர்?"

"நீ எதையாவது வாங்கு. உனக்குத் தெரியாத கலரா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் ஜனங்களுக்குள் இறங்கி, எதிர்ச்சாரியில் கலர் சோடா பாட்டில்கள் அடுக்கியிருந்த கடையைப் பார்த்து நடந்தாள்.